நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

கேபிளின் மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் ஓர் எண் அச்சாகியிருக்கும். இழுக்கத் தொடங்கிய எண்ணை வெட்டிய இடத்து எண்ணிலிருந்து கழித்தால் நீளம். எனவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. 112 மீட்டர். விதி 100: சுவரோடு போவது 90, இரு முனைகளிலும் செருகும் வயர்களுக்கு 10.

2019இல், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக தினமும் பஸ்ஸில் போய், மாமல்லபுரம் கடற்கரையோர விடுதி ஒன்றில் செய்த வேலை. கணக்கறை பின்கட்டில் இருந்தது. வழியில் ஒரு ஸ்விட்ச் வைத்து, அதற்குக் கரன்ட் பாயின்ட்டும் கொடுத்திருக்க வேண்டும். இன்னொரு நாள் ஆகும். மேஸ்திரி ஃபால்ஸ் சீலிங்கை மூடக் காத்துக்கொண்டிருந்தார். டெஸ்டரைச் செருகினேன். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. எந்தக் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்பதை மட்டுமே அந்த மலிவு டெஸ்டர் சொல்லும். எவ்வளவு தேய்ந்து சேர்கிறது என்பதைச் சொல்லாது.

அங்கே மலையில் பாதியில் விட்ட சிற்பங்களை யாரும் போய்ப் பார்க்கலாம். உளித்தடம்கூட அப்படியே. என் வேலை சீலிங்குக்கு மேலே மறைந்துவிடுகிறது.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். ஜோடிக்கு ஜோடி முறுக்கின் நெருக்கம் வேறு. ஒன்றின் பேச்சு மற்றதில் ஏறாமலிருக்க. டெலிபோனுக்காக கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற யோசனைதான். முனையில் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. அதில் நான் மிகவும் கறார். அந்த அரை அங்குலத்தில் காட்டிய ஒழுக்கம் பன்னிரண்டு மீட்டரை மன்னித்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். லைன் விட்டுவிட்டு வந்திருக்கிறது. பில் பதிவானதா என்று தெரியாமல் கணக்கறைப் பையன் மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறான். சில பில்கள் இரட்டையாக ஏறி, வித்தியாசம் அவன் சம்பளத்தில் பிடித்தமாகிவிட்டது. மன்னிப்புக் கடிதமும் வாங்கிக்கொண்டார்களாம்.

அவன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டான். என் கைக்காசில் வாங்கிப்போன ஸ்விட்சை வழியில் பொருத்தினேன். ஜாக்கின் பின்கள் உண்மையிலேயே கறுத்துத்தான் போயிருந்தன, அவற்றையும் மாற்றினேன்.

"என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேண்ணே" என்றான்.

"உப்புக்காத்து தம்பி" என்றேன்.

ரசீதில் 'ஜாக் மாற்றியது, 2' என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.