ஆடுவோரே நடுவர்

பிற விளையாட்டுக்களில் ஆடுவோர் வேறு, நடுவர் வேறு. கிரிக்கெட்டாயினும் கால்பந்தாயினும் மைதானத்தின் நடுவே தனித்து நிற்கும் ஒருவர்மீது நம் சினத்தையெல்லாம் சுமத்திவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவது நமக்கு வழக்கம். ஆட்டோகிராஸ் என்னும் மோட்டார் விளையாட்டில் இவ்வசதி இல்லை. காலையில் வண்டியோட்டியவனே நண்பகல் வெயிலில் களத்தின் நடுவே நின்று, பிறனது ஓட்டத்தின் குற்றங்களை எண்ணிச் சொல்லல் வேண்டும். அப்பணிக்கு வாராதவனுடைய ஓட்டம் எத்துணை விரைவாயினும் கணக்கில் கொள்ளப்படாது. அமெரிக்க நாட்டில் யாம் இவ்விளையாட்டின் விதிகளைக் கற்றுக்கொண்ட வரலாற்றையும், அவ்விதிகளுள் ஒன்று எம் குடும்பத்துள்ளேயே புகுந்து செய்த காரியத்தையும் அன்பர்களுக்குச் சொல்லக் கருதினோம்.

மோட்டார்ப் பந்தயம் என்றதும் வண்டியோடு வண்டி முந்திச் செல்வதும், மோதிக் கவிழ்வதுமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆட்டோகிராஸ் அத்தகையதன்று. வண்டிகள் நிறுத்தும் பெருவெளியிலோ பயன்படாத விமானத்தளத்திலோ, சாலை பழுதுபார்ப்போர் வைப்பது போன்ற செம்மஞ்சள் நிறக் கூம்புகளை நிரல்பட நிறுத்தி, வளைந்து வளைந்து செல்லும் ஒரு வழியை அமைப்பர். அவ்வழியே ஒவ்வொருவராகத் தத்தம் வண்டியை ஓட்டிச் செல்வர். பக்கத்தில் போட்டி வண்டி இராது. கடிகாரம் ஒன்றே பகை. ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஆயின் அதனை வினாடியில் ஆயிரத்தில் ஒரு கூறு வரை அளப்பர். 1944 இல் தோன்றிய 'ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆப் அமெரிக்கா' இதனைச் 'சோலோ' என்னும் பெயரால் நடத்தி வருகிறது. 1973 இல் தொடங்கிய அதன் தேசியப் போட்டி பல ஊர்களில் நடைபெற்றுப் பின் 2009 இல் நெப்ராஸ்கா மாகாணத்து லிங்கன் நகரின் பழைய விமானத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. ஆயிரவர்க்கு மேற்பட்டோர் அங்கே கூடுவர் என்பர். போர்க்கால விமானத்தளமாகிய நம் சோழவரத்தில் 1950களில் தொடங்கி நெடுங்காலம் மோட்டார்ப் பந்தயங்கள் நிகழ்ந்ததை அறிந்த பழைய மாணவர்கள், விமானம் விட்டுச் சென்ற இடத்தில் மோட்டார் குடிபுகுவதைக் கண்டு வியப்படையார்.

2019 ஆம் ஆண்டின் கோடையில் எம் தமக்கையாரின் மகன், அதாவது எம் மருமகன், இவ்விளையாட்டுக்கு எம்மை இழுத்துச் சென்றான். அவன் மாஸ்டா கம்பெனியாரின் மியாட்டா என்னும் இருவர் அமரும் சிறு வண்டியை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் எங்கோ சென்று வருவதை யாம் ஐயத்தோடு பார்த்து வந்தோம். "மாமா, ஒரு நாள் வந்து பாருங்கள், பிறகு திட்டுங்கள்" என்றான். எமது அன்றாட வண்டியிலேயே யாமும் புதியோர் பிரிவில் பெயர் பதிந்துகொண்டோம்.

களத்தை அடைந்ததும் எமக்கு முதலில் வியப்பளித்தது அங்கிருந்த விரைவன்று, அச்சமே. அச்சம் என்பதினும் முன்னெச்சரிக்கை என்பது பொருந்தும். வழி வகுப்போர்க்கென எழுதப்பட்ட விதிகள், விரைவை வளர்ப்பதினும் அதனை அடக்குவதிலேயே கருத்தூன்றியிருக்கின்றன. சாதாரண வண்டிகள் வழியின் மிக விரைவான பகுதியிலும் மணிக்கு 60 மைலைச் சற்றே தாண்டலாம், அவ்வளவே. விளக்குத் தூண், சுவர் முதலிய அசையாப் பொருள்களினின்று வழியின் ஓரம் 25 அடியேனும் விலகியிருத்தல் வேண்டும். வழியின் அகலம் 15 அடிக்குக் குறையலாகாது. பாம்பு நெளிவதுபோல் இடமும் வலமுமாக வளைந்து செல்லும் பகுதியில் கூம்புக்கும் கூம்புக்கும் இடையே 45 அடியேனும் விடல் வேண்டும். தடுப்புச் சுவர் இல்லாத இடங்களில் பார்வையாளர் வழியினின்று 75 அடிக்கு அப்பால் நிற்றல் வேண்டும். இவ்வெல்லைகளுக்குள்ளேயே நின்று, ஓட்டுபவனுக்குத் தான் பறப்பதாகத் தோன்றும்படி வழி வகுப்பதே வகுப்போனின் திறம். எம் கருத்தில், விளையாட்டு முழுவதிலும் அவனே கலைஞன். பரிசு மட்டும் அவனுக்குக் கிடைப்பதில்லை.

அடுத்து வண்டிச் சோதனை. காலைப் பனியில் வண்டிகள் வரிசையாக நிற்க, ஒருவர் ஒவ்வொரு சக்கரத்தையும் இரு கைகளாலும் பற்றி அசைத்துப் பார்க்கிறார். ஆடினால் பேரிங் தேய்ந்ததென்று பொருள். சக்கரத் திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா, பாட்டரி இறுகக் கட்டப்பட்டுள்ளதா, பிரேக் மிதி உறுதியாக நிற்கிறதா, ஆக்ஸிலேட்டரை விட்டதும் திரும்புகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார். வண்டிக்குள் ஒரு பொருளும் தளர்வாய்க் கிடத்தல் ஆகாது. காலடி விரிப்பையும் எடுத்துவிடல் வேண்டும். உருண்டோடும் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று பிரேக் மிதியின் அடியில் போய்ச் சிக்கினால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்ப்பவர்க்கு இவ்விதியின் அருமை விளங்கும். எமது வண்டியினின்று குடை, பழைய செய்தித்தாள், ஒரு ஜோடிச் செருப்பு, அரைக் கிலோ வேர்க்கடலை ஆகியவை வெளிவந்தன.

தலைக்கவசத்தின் உட்புறம் ஒட்டியுள்ள சீட்டையும் பார்க்கின்றனர். அதில் பெரும்பாலும் 'ஸ்னெல்' என்னும் பெயர் இருக்கும். அதுவும் அண்மைப் பதிப்பின் முத்திரையாக இருத்தல் வேண்டும். வில்லியம் ஸ்னெல் என்பார் 1956 இல் பந்தய விபத்தொன்றில் தலையில் அடிபட்டு மாண்டார். அவர் அணிந்திருந்த கவசம் அவரைக் காக்கவில்லை. அவருடைய நண்பர்கள் 1957 இல் அவர் பெயரால் ஒரு நிறுவனம் அமைத்துக் கவசங்களை உடைத்துச் சோதிக்கலாயினர். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டின் ஒரு சிறு சீட்டுக்குப் பின்னால் ஒரு மனிதனுடைய சாவு நிற்கிறது.

ஓட்டத்துக்குமுன் வண்டியோடு வழியைப் பழக ஒருவர்க்கும் அனுமதியில்லை, நடந்து பார்க்கலாம். எல்லோரும் தலைகுனிந்து, கைகளால் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, தமக்குள்ளே முணுமுணுத்தவாறு நடந்து செல்லும் காட்சியைப் புதியவர் ஒருவர் கண்டால் மருத்துவசாலைத் தோட்டமென்றே கருதுவார். மருமகன் நான்கு முறை நடந்தான். கூம்புகள் சில பக்கத்தில் படுத்துக் கிடந்தன. "நிற்பது எல்லை; படுத்திருப்பது வழிகாட்டி. படுத்திருப்பதை இடித்தால் தண்டனை இல்லை" என்று எமக்கு விளக்கினான். நிற்கும் கூம்பை வீழ்த்தினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வினாடி ஓட்ட நேரத்தோடு கூட்டப்படும். வாயிலொன்றைத் தவறவிட்டுச் சென்றால் அவ்வோட்டத்துக்கு நேரமே இல்லை.

வண்டிகளை வகுப்புகளாகப் பிரிப்பதும், வேறு வேறு வகுப்பினரை ஒப்பிட நேரத்தை ஒரு பின்ன எண்ணால் பெருக்குவதும் நீண்ட கதை. கணித ஆசிரியர்களுக்கு உவப்பாக இருக்கும், இங்கு விடுகின்றோம். எம் ஓட்டங்களைப் பற்றியும் எழுத ஒன்றுமில்லை. வண்டி சென்றது, வந்தது, கூம்புகள் நின்றன.

முதற் குழுவினர் ஓட்டம் முடிந்ததும் அவர்கள் களப்பணிக்குச் செல்ல, இரண்டாங் குழுவினர் ஓட்டினர். யாம் முதற் குழு, மருமகன் இரண்டாவது. பெயர் கூப்பிட்டு, மூன்றாம் நிலையத்தில் எம்மையும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையாகிய ஓர் அம்மையாரையும் நிறுத்தினர். எம் கையில் ஒரு செங்கொடி; அவர் கையில் ஒரு வாக்கி டாக்கி; அருகே தீயணைக்கும் கருவி. களப்பணி விதிகளை அவரே கற்பித்தார். ஓடும் வண்டிக்கு ஒருபோதும் முதுகு காட்டலாகாது. உட்காரலாகாது. புகைப்படம் எடுக்கலாகாது. கூம்பு விழுந்தால், அடுத்த வண்டி எங்கே வருகிறதென்று பார்த்த பின்னரே ஓட வேண்டும். வண்டியொன்று வழியில் நின்றுவிட்டாலோ மனிதர் குறுக்கே வந்தாலோ கொடியை உயர்த்த வேண்டும். கொடி கண்டவன் உடனே நிறுத்தியாக வேண்டும். அவனுக்கு மறு ஓட்டம் உண்டு. "ஐயம் தோன்றினால் கொடியை உயர்த்துங்கள். மறு ஓட்டம் கொடுத்துவிடலாம், கால் கொடுக்க முடியாது" என்றார் அவர்.

பின்னர்க் கூம்பின் விதி. ஒவ்வொரு கூம்பின் சதுர அடியைச் சுற்றியும் தரையில் சுண்ணக்கோடு வரைந்திருப்பர். கூம்பு சாய்ந்து வீழ்ந்தால் குற்றம். நகர்ந்தும் நின்றுகொண்டிருந்தால், அதன் அடியில் ஒரு சிறு பகுதியேனும் கோட்டின்மீதோ உள்ளேயோ இருக்கும்வரை குற்றமில்லை. முற்றிலும் வெளியேறிவிட்டால், நின்றாலும் குற்றமே. இதனைத் தீர்மானிப்பது அருகில் நிற்பவனுடைய கண். புகைப்படச் சான்று இல்லை. மேல்முறையீட்டுக்குப் பின் மற்றொரு கண் பார்ப்பதும் இயலாது. அடுத்த வண்டி வருமுன் கூம்பைக் கோட்டுக்குள் திரும்ப வைத்துவிட வேண்டுமாதலின், சான்று சில வினாடிகளில் அழிந்துவிடும்.

ஓட்டுபவனுக்கும் இத்தகைய கடமையொன்றுண்டு. தனக்கு முன் சென்றவன் வீழ்த்திய கூம்பு எடுத்து வைக்கப்படாமல் கிடப்பதைக் கண்டால், அங்கேயே நிறுத்திக் கைநீட்டிக் காட்ட வேண்டும். ஓட்டம் நன்றாயிருந்தால் தொடரலாம், கெட்டால் கூம்பைக் காரணங் காட்டலாம் என்னும் சாமர்த்தியத்துக்கு இடமில்லை. நிறுத்தாமல் முடித்தவனுக்கு அந்நேரமே நேரம்.

மருமகன் அவ்வகுப்பில் இரண்டாம் இடத்தில் இருந்தான். முதல்வனின் நேரம் 42.310 வினாடி, இவனுடையது 42.428. மூன்றாம் ஓட்டத்துக்கு அவன் வருவதைக் கண்டதும் யாம் அம்மையாரிடம், "அவன் எம் மருமகன், வேறிடம் மாற்றிக் கொள்ளலாமா?" என்று வினவினோம். அவர் நகைத்தார். "இங்கே எல்லோரும் எவரேனும் ஒருவருக்கு வேண்டியவரே. என் கணவர் ஓட்டும்போது யான் எங்கே போவது?" என்றார்.

அவ்வோட்டம் அழகாயிருந்தது, மறுப்பதற்கில்லை. வண்டி கூம்புகளைத் தொட்டும் தொடாமலும் நெளிந்து வந்தது. எம் நிலையத்தின் கடைசிக் கூம்பை விட்டுத் திரும்புகையில் பின் இடப்புற டயர் அதன் அடியை உரசியது. கூம்பு ஆடிற்று, சறுக்கிற்று, வீழாமல் நின்றது. தூரத்தில் நின்றோர்க்கு ஒன்றும் நிகழாதது போலவே தோன்றியிருக்கும். யாம் ஓடிச் சென்று குனிந்து பார்த்தோம். காலை முதல் டயர்கள் ஏறிச் சுண்ணம் சற்றே மங்கியிருந்தது. ஆயினும் கோடு தெரிந்தது. கூம்பின் அடிக்கும் கோட்டுக்கும் இடையே இரு விரல் அகலம் வெறுந்தரை.

குனிந்திருந்த அந்தச் சில வினாடிகளில் எமக்குத் தோன்றிய எண்ணங்களுள் ஒன்றை மட்டும் எழுதுகிறோம். இதனைக் காண்பவர் உலகில் வேறொருவரும் இலர் என்பதே அது. மெல்ல உள்ளே தள்ளி வைப்பது எப்படியும் எம் வேலை; வைத்துவிட்டுக் கையை வீசினால் குற்றமில்லை என்று பொருள். அம்மையார் வாக்கி டாக்கியைப் பிடித்துக்கொண்டு எம் முகத்தையே பார்த்தார், கூம்பைப் பார்க்கவில்லை. யாம் ஒரு விரலை உயர்த்தினோம். "நாற்பத்தேழாம் எண் வண்டி, மூன்றாம் நிலையம், ஒரு கூம்பு" என்று அவர் அறிவித்தார். ஒலிபெருக்கியில் நேரம் கேட்டது: 41.862, கூம்பு ஒன்று. ஆகவே 43.862. நான்காம் ஓட்டத்தில் அவன் அந்நேரத்தை அணுகவில்லை.

குழு முடிந்து யாம் வண்டிகள் நிற்குமிடத்துக்குத் திரும்பியபோது அவன் டயர்களின் காற்றை அளந்துகொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்:

"மாமா, கோன் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்ததா?"

"இல்லையப்பா. இரு விரல் வெளியே இருந்தது."

"நின்றுதானே இருந்தது?"

"நின்றது, வெளியே நின்றது."

சற்று நேரம் காற்றழுத்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரி மாமா" என்றான். பிறகு, அவனை 0.118 வினாடியால் வென்ற இளைஞனிடம் சென்று கைகுலுக்கினான். அவ்விளைஞன் முற்பகலில் தன் ஓட்டமொன்றில் கிடந்த கூம்பைக் கண்டு நிறுத்திக் கைகாட்டியவன் என்பதை மருமகனே எமக்குப் பின்னர்ச் சொன்னான். ஆட்சேபம் எழுதித் தர அரைமணி நேரம் விடப்பட்டது, எழுதியவர் ஒருவருமில்லை.

ஊரிலிருந்து எம் தமக்கையார் அவ்வளவு எளிதில் விடவில்லை. அன்றிரவு தொலைபேசியில், "பெற்ற பிள்ளைபோல் வளர்ந்தவனுக்கு, கேவலம் இரண்டு விரற்கடை! மாமன் கண் சற்று இமைத்திருக்கலாகாதா?" என்று கேட்டார். அப்பால் மருமகன் தொலைபேசியை வாங்கி, "அம்மா, மாமா இமைத்திருந்தால் அடுத்த வாரம் என் கூம்பை எவன் நேராகப் பார்ப்பான்?" என்றான். எம் தமக்கையார் அதற்கு விடை கூறாமல், சாப்பிட்டீர்களா என்று வினவினார்.

அன்று மாலை களத்தைக் காலி செய்ததும் கூட்டு வேலையே. முதற்பரிசு பெற்றவனும் கடைசியில் நின்றவனும் கூம்புகளைப் பொறுக்கிப் பத்துப் பத்தாக அடுக்கினர். நிலத்துக்குரியவர்கள் மறுமுறையும் இடந்தருவது, விட்டுச் செல்லும் குப்பையையும் எழுப்பிய ஓசையையும் பொறுத்ததாதலின், திருகாணி முதல் காகிதத் துண்டு வரை குனிந்து எடுத்தனர். எண்ணிப் பார்க்கையில் ஒரு கூம்பு குறைந்தது. களம் முழுவதும் தேடியும் கிடைக்காமல், இறுதியில் அம்மையாரின் கணவருடைய வண்டியின் அடியில், முன் அச்சுக்கும் தரைக்கும் இடையே நசுங்கிச் சிக்கியிருக்கக் கண்டனர். அது எந்த ஓட்டத்தில் சிக்கியது, எந்த நிலையத்தார் அதனை எண்ணினர் என்று அம்மையார் அவரை விசாரிக்கத் தொடங்கினார். யாங்கள் புறப்படும்வரை அவ்விசாரணை முடியவில்லை.