வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது

சபைக்குப் புதுசாக ஒருவர் வந்தால் நம் ஆட்கள் முதலில் கேட்கிற கேள்வி, ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது?’ என்பதுதான். சிரித்த முகத்தோடு, கையைக் கூப்பிக்கொண்டுதான் கேட்பார்கள். ஊர்ப் பேரைச் சொன்னால் அடுத்தது, ‘அங்க எந்தத் தெரு?’ அதையும் சொன்னால், ‘கோயிலுக்கு வடக்கயா, தெக்கயா?’ மூன்றாவது பதில் வந்ததும் சிரிப்பை எந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கேட்டவருக்குத் தெரிந்துபோகும். எங்கள் தெக்கத்திச் சீமையில் சாதியைச் சாதி என்று யாரும் கேட்பதில்லை. திசையாகக் கேட்பார்கள்.

முப்பத்தோரு வருசம் தொடக்கப் பள்ளி டீச்சராக இருந்தேன். ஆறு ஊருக்கு மாற்றல், ஆறு சபை. ஆறிலும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் உள்ளே போனேன். ஒரு ஊரில் பதிலைச் சொன்ன மறு வாரம், நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒரு குடும்பமே நகர்ந்து முன்வரிசைக்குப் போனது. ‘அங்கதான் காத்து வருது டீச்சர்’ என்றார்கள். மார்கழி மாசம் அது.

சபை வளரவில்லை, புதுசாக வருகிறவர்கள் தங்குவதில்லை, இளவட்டங்கள் கூரைச் சபைக்குப் போகுதுகள் என்று எங்கள் சேகரத்தில் போன வருசம் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. வாசலில் ரோசாப்பூ கொடுக்கலாம். பாட்டு வரிகளைக் காட்டத் திரை வைக்கலாம். கார் நிறுத்த இடம் வேண்டும். புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரும் கைதட்டலாம். பண்ணையார் முன்னால் நின்று நின்று கால் ஓய்ந்த சனத்தை ஞாயிற்றுக்கிழமையும் நிற்க வைப்பதுதான் வரவேற்பாம்! கமிட்டியில் எங்கள் தெருவிலிருந்து நான் ஒருத்திதான். ‘டீச்சர், நீங்க எழுதிட்டு வாங்க’ என்றார்கள். எழுதிக் கொடுத்ததில் பாதியை இங்கே சொல்கிறேன். படிக்கிற தோழர்களில் சபையே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நம் சனம் இன்னும் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறது. அது எங்கே, யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு முக்கியம்.

சபை எப்படி வளர்ந்தது என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் மயிலாடியில் மகாராசன் வேதமாணிக்கம் என்று ஒருவர். பறையர். தஞ்சாவூரில் கிறித்தவர்களாகி இருந்த உறவுக்காரர்கள் வழியாக வேதத்தை அறிந்து, ஞானஸ்நானம் பெற்று ஊருக்குத் திரும்பினார். தன் சொந்தபந்தத்துக்குச் சொன்னார். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வரும்போது அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் காத்திருந்தது. 1809இல் கோயில் எழும்பியது. ஆக அந்தச் சீமையில் மிஷன் வேலைக்கு வாசல் திறந்தது ஒரு சேரி மனுசன். சித்தப்பன் வீட்டுக்குப் போன இடத்தில் ஒருத்தர் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்வது, சேர்ந்து சாப்பிடுவது, இப்படித்தான் பரவியது. துண்டுப் பிரசுரத்தில் வளர்ந்ததைக் காட்டிலும் சோற்றுப் பானையில் வளர்ந்தது அதிகம்.

வந்த பிறகு என்ன ஆனது என்பதும் எழுதிக் கிடக்கிறது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வித்தியாசத்தை அடியோடு விட வேண்டும் என்று உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். இயேசுவை விட முடிந்தவர்களுக்குத் தனி வரிசையை விட முடியவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன்.

வாசலில் நிற்கிறவர் ஊர் கேட்கக் கூடாது. தெரு கேட்கக் கூடாது. அப்பா பேர் கேட்கக் கூடாது. கேட்க வேறு எத்தனையோ இருக்கிறது. ‘சாப்பிட்டியளா? எந்த பஸ்ல வந்திய? பிள்ளை எத்தனாங் கிளாசு?’ பேச்சுக்கு இது போதும். பிறகு, ‘அங்க போய் உக்காருங்க’ என்று கையை நீட்டக் கூடாது. நீட்டுகிற கை எப்போதும் பின்பக்கமாகவே நீளும். கூடவே போய், பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த ஒரு ஞாயிறு தன் வழக்கமான இடத்தை விட்டுக்கொடுக்க மனசில்லாதவரை வாசலில் நிறுத்தாதீர்கள்.

புஸ்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டு நகரக் கூடாது. எங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. பாமாலைப் புஸ்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள் என்று இரண்டு பிள்ளைகள் சிரித்ததில் ஒரு வருசம் கோயிலுக்கே போகவில்லை. பிறகு பக்கத்து வீட்டு அன்னம் பெரியம்மை இவள் காதில் ஒவ்வொரு அடியாக முன்கூட்டிச் சொல்லிச் சொல்லி, நாற்பது பாட்டு மனப்பாடம். எழுத்து தெரியாதவர்கள் இருக்கிற சபையில் பாடல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு ஆர்மோனியத்தைத் தொடங்கினால் எப்படி? ஒரு அடியை ஒருவர் சொல்ல, எல்லோரும் திருப்பிப் பாடட்டும். நாற்று நடுகிற பெண்களுக்கு அது யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பறையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். ‘அது சாவுக்கு அடிக்கிறதுல்லா’ என்றார் ஒரு பெரியவர். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு அடிப்போமே என்றேன். பதில் இல்லை.

சங்கக் காணிக்கை பாக்கி உள்ளவர்கள் பேரை ஆராதனையில் வாசிப்பதை நிறுத்த வேண்டும். பீடி சுற்றுகிற பெண் கணக்குத் தீர்ப்பது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவள் பேரைப் பாக்கி என்று வாசித்தால் அடுத்த ஞாயிறு ஏன் வருவாள்? இதை மட்டும் உடனே ஒத்துக்கொண்டார்கள். பாக்கி அவர்களுக்கும் இருந்தது.

கூரைச் சபைக்கு ஏன் போகிறார்கள் என்பதற்குக் கூட்டத்தில் உபதேச வித்தியாசமெல்லாம் பேசினார்கள். எங்கள் தெருவிலிருந்து போன ஐந்து குடும்பத்தையும் எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் உபதேசம் பற்றிக் கவலை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது அந்தப் பாஸ்டர் பைக்கில் வந்தார். பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஜெபம் பண்ணினார். அந்த வீட்டுச் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். எங்கள் ஐயர்மார் எல்லோரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீடு சந்திக்க வந்த ஒருவர் நின்றபடியே ஜெபம் பண்ணிவிட்டு, ‘இப்பதான் குடிச்சிட்டு வாரேன்’ என்று சொல்லி டீயை மறுத்ததை எங்கள் தெரு இருபது வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம்விடப் பெரிசு அசனம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகைக்கு எல்லோரும் கொடுத்துப் பொங்கி, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் அசனம். வீடு வீடாக அரிசி வாங்குவார்கள். எங்கள் தெரு அரிசியும் வாங்குவார்கள். ஆனால் எங்கள் பெண்களுக்கு வேலை வெங்காயம் உரிப்பது, தேங்காய் திருவுவது, கடைசியில் அண்டா கழுவுவது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போனால், ‘நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்’ என்று அன்பாகக் கரண்டியை வாங்கிக்கொள்வார்கள். எங்க சித்தி ஒரு வருசம் சத்தமாகவே கேட்டாள். “ஏட்டி, நான் உரிச்ச வெங்காயம் அவுக வாயில போவும், நான் கிண்டுன சோறு போவாதாக்கும்?” அன்றைக்குச் சாப்பிடாமல் வந்தவர்கள்தான் அந்த ஐந்து குடும்பத்தில் மூன்று.

பரட்டை என்று நாம் சொல்கிற தியோபிலஸ் அப்பாவு, மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்தவர், 2005இல் இறந்துபோனார். நாட்டுப்புற மெட்டில் வழிபாடே செய்து வைத்தவர். அவர் சொல்லிச் சொல்லி அலுக்காத ஒன்று ஒரே உலை. தனித்தனிப் பானையை விட்டு ஒரே உலையில் பொங்கிப் பங்கிட்டுச் சாப்பிடுவதுதான் அவருக்கு வழிபாடு. நான் எழுதிக் கொடுத்தது அதைவிடச் சின்னது. கரண்டி பிடிக்கிறவர்கள் பட்டியலைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அவ்வளவுதான். சீட்டுப் போட்டு மத்தியாவையே அப்போஸ்தலனாகத் தெரிந்தெடுத்தார்கள் என்று வேதத்தில் இருக்கிறது, சாம்பார் கிண்ட ஆள் எடுக்கக் கூடாதா?

அடுத்தது ரிஜிஸ்டர். இதில் ஐயர்மாருக்கு விவரம் பத்தாது, நல்ல மனசோடு கெடுத்துவிடுவார்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துக்குப் பிற்படுத்தப்பட்டவர் என்றுதான் சான்றிதழ். ஞானஸ்நானத்தில் தீட்டு போய்விடுகிறது என்று டெல்லியில் நினைக்கிறார்கள் போலும், எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், ஒழுங்காகச் சர்ச்சுக்குப் போய்க்கொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கேட்பது மோசடி என்று உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று.

அதனால்தான் வீட்டுக்கு வீடு இரண்டு பேர். பள்ளிக்கூடத்தில் மாரியம்மாள், கோயிலில் மேரி. இப்படி வருகிற பிள்ளையைப் படம் எடுத்து, ‘புதிய ஆத்துமா’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் தெருப் பிள்ளை ஒன்று நர்சிங்குக்குச் சான்றிதழ் கேட்டபோது கிறிஸ்மஸ் படத்தை எவனோ கொண்டுபோய்க் காட்டிவிட்டான். அந்த வருசம் அவளுக்குப் போயிற்று. புதுசாக வந்தவர்களைப் படம் எடுக்கக் கூடாது. பேரை மாற்றச் சொல்லக் கூடாது. எப்போது, எந்தப் பேரில் ரிஜிஸ்டரில் ஏறுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஞானஸ்நானக் கணக்கு காட்டி மேலே பேர் வாங்க வேண்டும் என்கிறவர்களுக்கு இது கசக்கும். பிள்ளை படிப்பை விலையாகக் கேட்டு வளர்கிற சபை எனக்கு வேண்டாம்.

கடைசியாகக் கல்லறை. திருச்சி கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் செத்தார்கள். எங்கள் ஊரில் சுவர் கிடையாது, ஓடைதான். எங்கப்பா ஓடைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறார். மழைக் காலத்தில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போக வேண்டும். நாற்பது வருசம் முன்வரிசையில் பாய் விரித்த மனுசன்.

இதற்கு நான் எழுதிக் கொடுத்தது நாலு வரி. ஓடைக்கு இந்தப் பக்கம் எழுபது குழிக்கு இடம் இருக்கிறது. வரிசையாகக் கல் நட்டு நம்பர் போட வேண்டும். இறந்த தேதிப்படி அடுத்த ஆளுக்கு அடுத்த நம்பர், குடும்ப இடம் என்று யாருக்கும் கிடையாது. கல்லுக்கு ஆகிற செலவை எங்கள் தெரு கொடுக்கும், இந்தப் பங்குனிக்குள் அளக்க ஆள் வருகிறது.