பிரேக் வாங்கிய கதை

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள் பெரியோர். அதன் பொருளை நாங்கள் ஏட்டில் கற்கவில்லை. ஒரு சைக்கிளிடம் கற்றோம்.

நாங்கள் இரட்டையர். எழுதுவது ஒருத்தியே ஆயினும், இக்கதையில் இருவருக்கும் பங்குண்டு, குற்றத்திலும் பங்குண்டு. ஆதலால் "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

சென்ற ஜூன் மாதம் குற்றாலச் சாரலுக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். கல்லூரியில் பயிலும் எங்கள் பெரியப்பா மகனுக்கு மலைச் சைக்கிள் என்றால் உயிர். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கித் தம் கையாலேயே செப்பனிட்டிருந்தார். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் மலைச்சாலையில் அவர் சைக்கிளில் வர, நாங்கள் கீழே வேனருகே காத்து நின்றோம். வளைவில் அவர் தலை தெரிந்ததும், "வேகமா வாங்க அண்ணா, இன்னும் வேகமா!" என்று கைகளை வீசிக் கூவினோம். அவரும் சிரித்துக்கொண்டே மிதித்தார். மறுகணம் எதிரே ஒரு லாரி! இரு பிரேக்குகளையும் இறுகப் பிடித்தும் சைக்கிள் நிற்கவில்லை. சாலையோர மண்ணில் சரிந்து விழுந்தார். இறைவன் அருளால் உயிர் பிழைத்தார். இடது மணிக்கட்டு முறிந்தது.

சங்கரன்கோவில் திரும்பியதும் ஆச்சி, "அந்தச் சனியனைப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. சைக்கிள் தறிக்கூடத்தின் மூலையில் சாய்ந்து கிடந்தது. நாங்கள் கூவியதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அதுதான் எங்களை உறுத்தியது.

ஒருநாள் வகுப்பில் சிஸ்டர் இயக்க ஆற்றல் பற்றி நினைவூட்டினார்கள். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அன்று மாலையே கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் 1,000 ஜூல். 36 கிலோமீட்டர் வேகத்தில் 4,000 ஜூல். "இன்னும் வேகமா" என்ற இரு சொற்களின் விலை இதுதானா என்று திகைத்தோம். அன்றிரவே ஆச்சியிடம் உண்மையைச் சொல்லி அழுதோம். ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்போ வண்டி மேல மட்டும் என்ன குத்தம்? நல்ல பிரேக்காப் பார்த்துப் போடச் சொல்லுங்க" என்று தம் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

அண்ணனுடன் திருநெல்வேலிக் கடைக்குச் சென்றோம். "இருக்கதிலேயே பலமான டிஸ்க் பிரேக் வேணும் அண்ணாச்சி" என்றோம். மெக்கானிக் அண்ணாச்சி சிரித்தார்.

"பலம் மட்டும் போதுமாம்மா? டயர் ரோட்டைப் பிடிக்கணும்லா? பின்சக்கரம் பூட்டிக்கிட்டா வழுக்கும். முன்சக்கரம் சடக்குன்னு நின்னா ஆளு தலைகுப்புற விழுவாரு. நமக்கு வேண்டியது, விரல் சொல்ற அளவுக்குக் கேக்குற பிரேக்கு."

அவரிடமும் புத்தகங்களிலும் நாங்கள் அறிந்தவை பல. பழைய பிரேக்கில் ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும். மழையில் விளிம்பு நனைந்தால் பிடிப்புக் குறையும். டிஸ்க்கோ சக்கரத்தின் நடுவில், தெருத்தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர் என்பவர் 1902-ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953-இல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றதும் உலகம் அதை வியந்து நோக்கியது.

கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கை வழியிலேயே பழுது பார்க்கலாம். எண்ணெயால் இயங்குவதோ ஒன்பதாம் வகுப்பில் நாம் படித்த பாஸ்கல் விதியின்படி வேலை செய்கிறது: சிறிய பிஸ்டனில் தரும் அழுத்தம் பெரிய பிஸ்டன்களில் பெரும் விசையாகிறது. ஒரு விரலே போதும். ஆனால் மினரல் எண்ணெய்க்கென்று செய்த பிரேக்கில் டாட் வகை எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

மலையில் பெரிய பகை வெப்பம். 100 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 78,400 ஜூல். அதில் காற்று ஒரு பங்கைத் தாங்க, மீதியைப் பெரும்பாலும் பிரேக்கே வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். ஆதலால் பெரிய டிஸ்க் நல்லது. 160 மில்லிமீட்டருக்குப் பதில் 180 மில்லிமீட்டர் போட்டால் அதே பிடிக்கு எட்டில் ஒரு பங்கு திருப்புவிசை கூடுகிறது. 203 மில்லிமீட்டரும் இருந்தது. நாங்கள் அதற்கு ஆசைப்பட்டோம். முன் ஃபோர்க்கின் தாங்கும் எல்லை 180 என்று அதிலேயே பொறித்திருந்ததைக் காட்டி அண்ணன் மறுத்துவிட்டார்.

முடிவில் முன்னே நான்கு பிஸ்டன், 180 டிஸ்க். பின்னே இரண்டு பிஸ்டன், 160 டிஸ்க். மழையையும் சூட்டையும் தாங்க உலோகத்தூள் கலந்த பேடுகள். சத்தம் கொஞ்சம் அதிகம்; இருக்கட்டும் என்றோம். சைக்கிளின் சட்டத்தில் டிஸ்க் பொருத்தும் இடம் முன்பே இருந்தது. ஹப்புகளை மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. புதுப் பேடுகள் உடனே பிடிப்பதில்லை. மணிக்கட்டு தேறியதும் ஊருக்கு வெளியே ஆளில்லாச் சாலையில் அண்ணன் மிதித்து, மெல்லப் பிடித்து, மீண்டும் மிதித்து, இருபது முப்பது முறை பழக்கினார்.

காலாண்டு விடுமுறையில் அதே புளியரைச் சாலை. அதே இடத்தில் நாங்கள், உடன் ஆச்சியும். வளைவில் அவர் தலை தெரிந்தது. இம்முறை நாங்கள் கூவவில்லை. இரு கைகளையும் தாழ்த்தி, "மெதுவாக" என்று சாடை காட்டினோம். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, நிதானமாகத் திரும்பி, எங்கள் அருகில் வந்து நின்றார். ஆச்சி மகிழ்ந்து டிஸ்க்கைத் தடவக் கை நீட்டினார்கள். "தொடாதீங்க ஆச்சி, சுடும்!" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினோம். ஆச்சி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது.

அன்புத் தோழியரே! அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. உங்கள் கைக்குச் சைக்கிள் வந்ததும் மணியை அடித்துப் பார்க்குமுன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். மற்றவரை விரையச் சொல்லுமுன் அவரால் நிற்க முடியுமா என்றும் எண்ணிப் பாருங்கள்.