மணலில் பிரேக் பிடிக்காதீர்கள்

அமெச்சூர் சைக்ளோகிராஸ் பந்தயங்களில், அதாவது மணலும் சேறும் நிறைந்த பாதைகளில் நடக்கும் சைக்கிள் போட்டிகளில், பலர் மணலைக் கண்டதும் பிரேக்கைப் பிடிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பெல்ஜியத்தின் கொக்சைடெ மணல்மேடுகளில் தேர்ந்த வீரர்களைக் கவனியுங்கள்: வேகத்தோடு நுழைவார்கள், உடல் எடையைச் சற்றுப் பின்னால் வைப்பார்கள், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் முன்னால் போனவர்களின் தடத்திலேயே மிதிப்பார்கள்.

அதே பெல்ஜியத்தின் நமூர் நகரக் கோட்டைச் சரிவின் சேறு வேறு கணக்கு. உலகக் கோப்பைப் பந்தயங்களில் டயர் அகலம் 33 மி.மீ. தாண்டக் கூடாது. எனவே காற்றழுத்தத்தைக் குறைத்துத்தான் பிடிமானம் தேட வேண்டும். அதுவும் போதாவிட்டால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். அதில் கூச்சப்பட எதுவுமில்லை.

கால் பலத்தோடு தரையைப் படிக்கும் அறிவையும் கேட்பதால்தான் இந்த விளையாட்டின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம். பந்தயத்துக்கு முன் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள், நண்பர்களே. எங்கே மிதிப்பது, எங்கே இறங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.