சந்தனமும் வவ்வாலும்

ராயபுரம் மேற்கு மாதா சர்ச் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் பார்சி கோயில் வந்துவிட்டது தெரிந்துவிடும். காசிமேட்டிலிருந்து நம் கூடவே வந்த கருவாட்டு வாசம் அங்கே சந்தனக் கட்டை வாசத்துக்கு வழிவிடும். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மீன்கூடையோடு ஆயா முன்னால் போவாள், நான் பின்னாலேயே ஓடுவேன்.

பார்சி வீடுகளுக்கென்று வெள்ளை வவ்வாலாகப் பார்த்து எடுத்துவைப்பாள். ஆகஸ்டில் அவர்களுடைய வருசப் பிறப்பு. அன்றைக்கு மீன் இல்லாமல் முடியாது, மீன் அவர்களுக்கு மங்கலப் பொருள். நல்ல நாளில் கவிச்சி தொடாத ஆயாவுக்கு அது கடைசிவரை அதிசயம்தான். துளை போட்ட தகரப் பெட்டியில் சுண்ணப் பொடியை நிரப்பித் தட்டுவார்கள்; வாசலில் மீன் மீனாகக் கோலம் விழும். நிலைப்படியில் பூச்சரம். உள்ளே ரவை, பால், சர்க்கரை சேர்த்து நெய்யில் கிளறும் ரவோ மணக்கும். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். தேங்காயும் கொத்துமல்லியும் பச்சை மிளகாயும் அரைத்து, வவ்வாலில் அப்பி, வாழையிலையில் சுற்றி ஆவியில் வேகவைப்பதைப் பார்சி அம்மா குஜராத்தி கலந்த தமிழில் சொல்லிக்கொடுப்பார். ஆயா தலையாட்டிக் கேட்பாள். வீட்டுக்கு வந்ததும் புளியைத்தான் கரைப்பாள்.

ஹீர்ஜிபாய் மானெக்ஜி கராஸ் என்ற பார்சியும் கூட வந்தவர்களும் 1795-ல் குடகிலிருந்து சென்னைக்கு வந்தார்கள். மறுவருசமே ராயபுரத்தில் நிலம் வாங்கினார்கள். கோயில் எழும்ப நூறு வருசத்துக்கு மேலானது. 13 வயதில் போய்விட்ட மகன் ஜாலின் நினைவாக பிரோஜ் கிளப்வாலா கட்டிக்கொடுத்தது அது. 1910-ல் கோயிலுக்குள் ஏற்றிய புனித நெருப்புக்கு நாளைக்கு ஐந்து வேளை குரு சந்தனம் இடுவார். வேற்று மதத்தாருக்கு உள்ளே அனுமதி இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஏற்றிவைத்த விளக்கு என்று ஆயா வெளியிலேயே கூடையை இறக்கிவைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் நகருவாள்.

கோயில் இருக்கிறது. சுற்றிலும் இருந்த குடும்பங்கள்தான் இல்லை. ஊருக்குத் தெற்கே போனார்கள், மும்பைக்குப் போனார்கள், கடல் கடந்தும் போனார்கள். சென்னை முழுக்கத் தேடினாலும் இன்று சில நூறு பேர்தான். ஆகஸ்ட் வருகிறது, வவ்வாலும் வலையில் ஏறுகிறது. கூடையை இறக்கச் சொல்லிக் கூப்பிட அந்தத் தெருவில் ஆளில்லை.

அவர்களுடைய கதையை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று நாம் பார்த்ததை யாரும் எழுதவில்லை. அந்த வீடுகளுக்கு மீன் போட்டவர்கள், பால் ஊற்றியவர்கள், துணி வெளுத்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இன்னும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.