ஒரு பட்டை உயரம்

ஜூன் பிறந்து சாரல் விழுந்துவிட்டால், பாத்திரம் பண்டங்களுடன் குற்றாலம் செல்வது எங்கள் வழக்கம். சுமையேறிய பழைய வேனின் பின்புறம் தாழ்ந்து, வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசியது. தென்காசிப் பட்டறையில் பின்சக்கரங்களின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கொரு பட்டை கூட்டினோம். “உயரும், சுமையிறக்கினால் தூக்கிப்போடும்” என்றார் மெக்கானிக். வண்டி நிமிர்ந்தது, நாங்களும் நிமிர்ந்தோம்.

ஐந்தருவியில் குளித்து வந்த அம்மாவுக்குப் படி எட்டவில்லை. “நீங்க போங்க, நான் ஆட்டோவுல வாரேன்” என்றார். கதிரவனின் தேரே சறுக்குவதாகத் திரிகூடராசப்பர் பாடிய ஊரில், எங்கள் தேர் பெற்றவளை ஏற்றவில்லை. பாத்திரங்களுக்காக அல்லவா உயர்த்தியிருந்தோம்!

மறுநாள் பட்டைகளைக் கழற்றினோம். பாத்திரங்களில் பாதியைப் பேருந்தில் ஊருக்கு அனுப்பினோம். வேகத்தடையில் வண்டி உரசவில்லை. அம்மா தாமே ஏறி, சன்னலோரம் அமர்ந்தார்.