யாழ்ப்பாணத்தில் எங்கே தங்கினோம்



நாங்கள் யாழ்ப்பாணம் போய் வந்த நாளிலிருந்து கேட்காத ஆள் இல்லை. "எங்கே தங்கினீங்கள்? தொழ வசதியா? சாப்பாடு எப்படி?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

ஓகஸ்ட் விடுமுறையில் சொந்தத்துக்குள் ஒரு நிக்காஹ். பெண் வீடு சோனகத் தெருவில். வழமையாக யாழ்ப்பாணம் போனால் அன்றே புத்தளம் திரும்பிவிடுவோம். காரணம் எங்கட உம்மா. 2002இல் பாதை திறந்த பிறகு எத்தனையோ தடவை ஊரைப் பார்த்துவிட்டார். ஆனால் ஓர் இரவுகூட அங்கே படுத்ததில்லை. "பார்த்தாச்சு, வெளிக்கிடுவம்" என்பார். இந்த முறை நிக்காஹ் ஒரு நாள், வலீமா மறுநாள். முழங்கால் வருத்தத்தோடு இரண்டு தரம் பஸ்ஸில் போய்வர அவருக்கு ஏலாது. இரண்டு இரவு தங்கியே ஆகவேண்டும்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். கல்வியியற் கல்லூரியில் பழகிய பழக்கம், எதற்கும் ஒரு அட்டவணை போட்டுவிடுவோம். கொப்பியில் நான்கு நிரல் கீறினோம்: வாடகை, பள்ளிவாசலுக்குத் தூரம், சாப்பாடு, ஏற வேண்டிய படி.

பிள்ளைகள் கடலோரத்தில்தான் அறை வேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணம் கடற்கரைப் பட்டினம் என்று பாடத்தில் படித்ததால் வந்த ஆசை. ஆனால் நகரத்துக் கரையில் இருப்பது பரவைக்கடல். கோட்டைப் பக்கம் நின்று காற்று வாங்கலாம், குளிக்க முடியாது. குளிக்கிற கடற்கரை என்றால் காரைநகர் கசூரினாவுக்குப் போகவேண்டும். கல்யாண வீட்டுக்கு அங்கிருந்து வந்து போவது சரிவராது. அதை ஒரு பகல் பயணமாக வைத்துக்கொண்டோம்.

பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகள் பயணத்துக்கு வசதி. ஆனால் எங்கள் கைக்கு எட்டிய அறைகள் எல்லாம் மூன்றாம் மாடியில் இருந்தன, லிஃப்ட் இல்லை. ஓரிடத்தில் தொலைபேசியில் "அறை இருக்கு" என்றார்கள். பெயரைச் சொன்னதும் "பொறுங்கோ, பார்த்துச் சொல்லுறம்" என்றார்கள். பிறகு பதில் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் மறந்தும் இருக்கலாம். நல்லதாகவே நினைத்துக்கொண்டோம்.

பிறகு சோனகத் தெரு, ஐந்து சந்திப் பக்கம். பள்ளி பக்கத்தில், சாப்பாட்டுக் கவலை இல்லை, சொந்தக்காரர் இரண்டு பேர் வந்து நில்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். அட்டவணைப்படி அதுதான் முதலிடம். உம்மா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்.

"என்ர வீடு இருந்த தெருவில இன்னொரு வீட்டில விருந்தாளியாப் படுக்க என்னால ஏலாது."

அதற்கு மேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. எங்கள் காணியில் இப்போது அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். 1990 ஒக்டோபர் 30 பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. காலையில் ஒலிபெருக்கி, ஜின்னா மைதானம், இயக்கம் தந்த இரண்டு மணித்தியாலம். எங்களில் ஒருவருக்கு அப்போது இரண்டு வயது. மற்றவர் பிறந்ததே புத்தளம் அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில்தான்.

"அப்ப எங்கே உம்மா தங்குறது?" என்று கேட்டோம்.

"நல்லூர்ப் பக்கம் பாருங்களன்" என்றார்.

எங்களுக்கு ஆச்சரியம். உம்மாவின் வாப்பா நல்லூர்த் திருவிழாவுக்குக் காப்புக் கடை போடுகிறவராம். சின்ன வயதில் உம்மா கடைக்குள் சாக்கில் படுத்து நித்திரை கொள்வாராம். இத்தனை வருடத்தில் எங்களுக்குச் சொல்லாத கதை.

நாங்கள் போகிற நாட்கள் திருவிழாவின் 25 நாட்களுக்குள் விழுந்தன. ஹரமுக்குக் கிட்டக் கிட்ட மக்காவில் வாடகை எப்படி ஏறுமோ, அந்த நாட்களில் கோயிலைச் சுற்றி அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற தமிழர்கள் முன்கூட்டியே பிடித்துவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், கொஞ்சம் நடக்கவேண்டும். போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

கடைசியில் ஒரு ஒழுங்கையில் வீடு கிடைத்தது. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், பிள்ளைகள் கனடாவில், கீழ் வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறார். தொலைபேசியில் எங்கள் பெயரைக் கேட்டதும், "ஒண்டு முதலே சொல்லவேணும்" என்றார். எங்களுக்கு நெஞ்சு பக்கென்றது.

"திருவிழா முடியுமட்டும் வீட்டிலை மச்சம் இல்லை. வெளியிலை வாங்கியும் கொண்டுவரக் கூடாது. உங்களுக்குக் கஸ்டமோ தெரியேல்லை."

நாங்கள் சிரித்துவிட்டோம். ஹலாலா என்று கேட்டுக்கேட்டுச் சாப்பிடுகிற எங்களுக்கு, மச்சமே இல்லாத சமையலறையைவிட நிம்மதி வேறு என்ன? புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், இடியப்பமும் சொதியும். பிள்ளைகள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தொழுவதற்கு அறையை ஒதுக்கித் துடைத்துத் தந்தார். மேற்கு எது என்று நாங்கள் கேட்க முன்னமே கோயில் இருக்கிற திசையை வைத்துக் காட்டித் தந்தார். கிப்லா அதிலிருந்து கொஞ்சம் வடக்கே சரியும். அதைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டோம்.

நிக்காஹ் வீட்டில் எங்களுக்குப் பிரியாணிப் பார்சல் கட்டிவிட்டார்கள். வேண்டாம் என்றால் கோபிப்பார்கள், வாங்கினால் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. ஓட்டோக்காரத் தம்பிக்குக் கொடுப்போம் என்று நீட்டினோம். "ஐயோ அம்மா, எனக்கும் விரதம்" என்றார். ஓட்டோவைத் திருப்பிச் சோனகத் தெருவுக்கே போய்ப் பார்சலைக் கொடுத்துவிட்டு வந்தோம். பத்து நிமிடப் பாதைதான், ஆனால் சிரித்தே களைத்துப்போனோம்.

உம்மா மட்டும் அந்த இரண்டு இரவும் நித்திரை கொள்ளவில்லை. புரண்டு புரண்டு படுப்பது எங்களுக்குக் கேட்டது.

கடைசி நாள். சுபஹ் தொழுது முடிகிற நேரம் கோயில் மணி கேட்டது. வெளியே வந்து பார்த்தால், உம்மா முன் விறாந்தையில் ஸ்கார்ப் போட்டு, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். ரீச்சர் பூப்பறித்துக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனம்மா விடியக் காலமை பையோடை? பஸ் எத்தினை மணிக்கு?"

"ராத்திரி எட்டு மணிக்கு."

"பிறகென்ன?"

"எத்தனை மணிக்கு வெளிக்கிட வேணும் எண்டு நீங்கள் சொல்லேல்லையே ரீச்சர். சொன்ன பிறகு ஓடித் திரியாமல் இப்பவே கட்டி வைச்சிட்டன்."

ரீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே போய் இரண்டு பிளேன் ரீ ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"எங்களுக்கும் அதே திகதிதான் அம்மா. 95 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க வெளிக்கிடச் சொன்னது. மழை. செம்மணிப் பாதையாலை நகர்ந்து நகர்ந்து நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சு போச்சு. அண்டைக்குத்தான் என்ரை அம்மா சொன்னவ, சோனகத் தெருச் சனம் போகேக்கை நாங்கள் பார்த்துக்கொண்டுதானே நிண்டம் எண்டு."

உம்மா கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்கள் திரும்பி வந்திட்டீங்கள்தானே."

"ஓம் அம்மா. ஆறு மாதத்திலை. நீங்கள்..."

ரீச்சர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. உம்மாவும் முடித்துக் கொடுக்கவில்லை. இரண்டு துயரமும் ஒரே அளவு என்று நாங்கள் சொல்லவரவில்லை. அன்று அந்த விறாந்தையிலும் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு ரீச்சர் எழும்பும்போது சொன்னார்: "நேரம் ஒண்டும் இல்லை அம்மா. பஸ்ஸுக்குப் போகேக்கை போங்கோ."

உம்மா பையைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்தார். படுத்தார். லுஹருக்கு நாங்கள்தான் எழுப்பினோம். யாழ்ப்பாணத்தில் 34 வருடத்துக்குப் பிறகு உம்மா நித்திரை கொண்டது அந்த ஒரு காலைப் பொழுதுதான்.

எங்கள் கொப்பியில் இப்போது ஐந்தாவது நிரல் ஒன்று இருக்கிறது. வயதான பெற்றோரை ஊருக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு எங்கள் ஆலோசனை இதுதான். வாடகையைப் பாருங்கள், படியைப் பாருங்கள், பள்ளியைப் பாருங்கள். கூடவே, எத்தனை மணிக்கு அறையை விடச் சொல்வார்கள் என்பதை முதலிலேயே கேட்டு அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். செயலியில் அது ஒரு சின்ன எழுத்து வரி. எங்கட ஆட்களுக்கு அது சின்ன வரி இல்லை.

பஸ்ஸில் வரும்போது உம்மா காணியைப் பற்றிப் பேசினார். கிணற்றை இறைக்கவேண்டுமாம். முதலில் ஒரு அறையும் குசினியும் போட்டால் போதுமாம். குடிபூரும் நாளைக்கு ரீச்சரைக் கூப்பிடவேண்டுமாம்.

"மரக்கறிதான் சமைக்கிறம் எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ" என்றார்.

இன்ஷா அல்லாஹ். துஆச் செய்யுங்கள்.